கரிவரதன்: ரேஸ் டிராக்குக்கு ஆள் சேர்த்தவர்

இந்தியாவில் கார் ரேஸ் எங்கே நடக்கும் என்று நம் வயசுக்காரர்களைக் கேட்டால் நொய்டா என்பார்கள், இருங்காட்டுக்கோட்டை என்பார்கள். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸ் ஓடிய பிறகு சென்னை என்றும் சொல்வார்கள். இதே கேள்வியை அறுபது வயசைத் தாண்டிய ஒரு கார் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்க. யோசிக்காமல் ஒரே ஊர்ப் பெயர்தான் வரும்: சோழவரம்.

காக்களூரில் இருக்கிற நமக்குச் சோழவரம் அசலூர் கிடையாது. திருவள்ளூரிலிருந்து செங்குன்றம் போய், அங்கே கும்மிடிப்பூண்டி பக்கம் ஜி.என்.டி ரோட்டில் திரும்பினால் வந்துவிடும். நம்ம மாவட்டம்தான். இன்றைக்கு அந்தப் பெயரை நியூஸில் கேட்பது ஏரியை வைத்து. சென்னைக்கு எவ்வளவு நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும்போது. ஆனால் 1950-களில் தொடங்கி 1980-கள் முடிகிற வரை, இந்தியாவில் வேகமாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது வந்து நின்ற இடம் அது.

அங்கே ஓட்டியவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் எஸ். கரிவரதன். கோயம்புத்தூர்க்காரர். 1954-இல் பிறந்து 1995-இல் இறந்தவர். நம்மில் யாரும் பிறக்காத காலம். அவர் ஜெயித்த கோப்பைகளை எண்ணுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு ரேஸ் டிராக் என்றால் தாரும் கான்கிரீட்டும் மட்டும்தானா, அதில் யார் வண்டி ஓட்டலாம் என்பதும் சேர்ந்ததா? இந்தக் கேள்விக்குக் கையால் செய்து பதில் சொன்னவர் அவர். அதற்காக எழுதுகிறோம்.

விமானம் போன இடத்தில் கார்

முதலில் டிராக்கின் கதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ்காரர்கள் சென்னையைச் சுற்றிச் சில இடங்களில் விமான ஓடுபாதை போட்டார்கள். சோழவரம் அதில் ஒன்று. போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. வெயிலில் காய்ந்துகொண்டு அகலமான, நேரான, மேடுபள்ளம் இல்லாத ஒரு பரப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு வண்டி போகும், நெல் காயும், ஆடு குறுக்கே வரும். ஓடுபாதையில் இது எதுவும் இல்லை. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. சோழவரத்தில் ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். ஓடுபாதைகள் சேர்ந்து இருந்த அமைப்பால் டிராக் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்தது.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமான தளம்தான். 1950-இல் முதல் எஃப்-1 உலக சாம்பியன்ஷிப் ரேஸ் அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் சீப்ரிங்கும் அப்படித்தான். போர் விட்டுவிட்டுப் போன கான்கிரீட்டில் பல நாடுகளின் ரேஸ் பிறந்திருக்கிறது.

ஆனால் ஓடுபாதை ரேஸுக்காகப் போட்டது இல்லையே. அங்கேதான் சிக்கல். விமானத்துக்கு வளைவு தேவையில்லை. அதனால் நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் திடீரென்று ஒரு கூர்மையான திருப்பம். நேர்ப்பாதையில் வேகம் ஏறிக்கொண்டே போகும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று முதல் வருஷமே படித்துவிட்டோம். அத்தனை ஆற்றலையும் திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கில் கரைக்க வேண்டும். அந்தக் காலத்து டிரம் பிரேக் சூடானால் பிடிமானம் குறையும். கூட்டமோ டிராக்கை ஒட்டியே நிற்கும். ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் அந்த ரேஸைப் பார்க்க ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் வந்து வெயிலில் நின்றார்கள் என்பதை நினைத்தால், பயமும் பெருமையும் சேர்ந்தே வருகிறது.

பார்க்க எல்லாரும், ஓட்டச் சில பேர்

சோழவரத்துக் கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஸ்டியரிங் பிடித்தவர்கள் வரிசையைப் பார்த்தால் கதை வேறு. கோண்டல் அரச குடும்பத்து இளவரசர், கல்கத்தாவின் கின்னி லால், பிறகு தொழிலதிபர் விஜய் மல்லையா. பெரிய கிளாஸில் ஓடிய கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்கியவை. எஃப்-1 பந்தயங்களுக்காகக் கட்டப்பட்ட என்சைன் காரையே மல்லையா இங்கே கொண்டுவந்து ஓட்டினார்.

ஏன் சாதாரண ஆள் ஓட்ட முடியவில்லை? 1983 வரைக்கும் இந்தியாவில் ஒருவர் புது கார் வாங்க வேண்டும் என்றால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கே பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். வெளிநாட்டுக் கார் இறக்குவது என்றால் லைசென்ஸ், சுங்கவரி, டெல்லிக்கு நடையாய் நடப்பது. ஒற்றை இருக்கை ரேஸ் கார் என்பது அரண்மனையோ மில்லோ பின்னால் இருந்தால்தான் கைக்கு வரும் பொருள்.

மற்றவர்கள் இருக்கிறதை வைத்து ஒப்பேற்றினார்கள். பத்மினியின் சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றுவது, கார்புரேட்டரை மாற்றுவது, சீட்டையும் கதவுத் துணியையும் பிடுங்கி எடையைக் குறைப்பது. பைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். என்ஃபீல்டு, ஜாவா, ராஜ்தூத் என்று எது கிடைத்ததோ அதை டியூன் பண்ணிக் கொண்டுவந்தார்கள். திறமை இல்லாமல் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு ரகம். ஜெயித்தது டிரைவரா, மெக்கானிக்கா, பணமா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கரிவரதன் பிடித்த நூல் இதுதான்.

மில் வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு

கரிவரதன் பிறந்தது கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில். 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய மில் அது. கோவைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அவிநாசி ரோட்டில் அந்த ஸ்டாப்புக்கே லட்சுமி மில்ஸ் என்றுதான் பெயர். அந்த வீட்டில் பிறந்தவர் வசதியாக உட்கார்ந்து நூல் விற்றிருக்கலாம். ஓட்டப் போனாலும் மற்ற பணக்காரர்கள் மாதிரி வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டிவிட்டு, கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவரும் சோழவரத்தில் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். ஆனால் அவருடைய கை ஸ்டியரிங்கோடு நிற்கவில்லை, ஸ்பேனருக்கும் போனது. காரை ஓட்டுகிறதைவிடக் காரைக் கட்டுகிறதில்தான் அவர் பெயர் நிலைத்தது.

அதற்குக் கோவையும் ஒரு காரணம். கோவை மில் ஊர் என்று சொல்கிறோம். மில் வந்தால் அதன் பின்னாலேயே மெஷின் பழுது பார்க்கும் பட்டறை வரும், பட்டறை வந்தால் ஃபவுண்டரி வரும், லேத் வரும், மோட்டார் பம்ப் வரும். ஒரு உதிரி பாகம் தேவை என்றால் பம்பாய்க்குக் கடிதம் போடாமல், நாலு தெரு தள்ளிப் போய்க் கடைசல் பிடித்து வாங்கிக்கொள்ளும் ஊர். ஜி.டி. நாயுடு மாதிரி ஒரு மெஷின் பித்தரை வளர்த்த ஊரும் அதுதான். கரிவரதன் அந்த மண்ணில் வளர்ந்தார்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேஸ் உலகத்தில் எல்லாருக்கும் அவர் 'கரி'. அடுப்புக்கரி ஞாபகம் வரலாம், அது இல்லை. பழைய தமிழில் கரி என்றால் யானை. யானைக்கு அருள் செய்த பெருமாள்தான் கரிவரதன். யானைப் பெயரை வைத்துக்கொண்டு இந்தியாவின் மிக லேசான கார்களில் ஒன்றைக் கட்டினார் மனுஷன்.

மாருதி 800 முதுகில் ஏறிய கதை

விலை குறைந்த ஒற்றை இருக்கை ரேஸ் கார் என்பது உலகத்தில் புது யோசனை கிடையாது. அமெரிக்காவில் 1963-இல் ஃபார்முலா வீ என்று ஒன்று வந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை எடுத்துக் கட்டிய ரேஸ் கார். இங்கிலாந்தில் 1967-இல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. ரோட்டில் ஓடும் ஃபோர்டு காரின் இன்ஜின் அதில். பின்னால் உலக சாம்பியன் ஆன பல பேர் அதில்தான் பழகினார்கள். சூத்திரம் எளிது: ஊரில் அதிகமாக ஓடும் காரின் இன்ஜினை எடு, அதைச் சுற்றி ஒரு லேசான கூடு கட்டு, எல்லாருக்கும் ஒரே விதி வை.

இந்தியாவில் ரொம்ப நாளைக்கு இந்தச் சூத்திரத்தின் முதல் வரியே உதைத்தது. பத்மினி, அம்பாசடர் இன்ஜின்கள் பழைய வடிவமைப்பு. கனமான இரும்பு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அந்தத் தடை உடைந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்னதோடு ஒப்பிட்டால் சின்ன, லேசான இன்ஜின். சில வருஷத்துக்குள் எந்த ஊருக்குப் போனாலும் மாருதி. உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். எந்த மெக்கானிக்குக்கும் பிரித்து மாட்டத் தெரியும்.

கரிவரதன் 1980-களின் கடைசியில் அந்த இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கொண்டுவந்தார். குழாய்களை வெல்டு செய்த சேஸி, அதன் மேல் மெல்லிய உடல், சக்கரங்கள் வெளியே தெரியும்படி, ஓட்டுபவர் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில், அவர் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். போட்டோவில் பார்த்தால் சின்னதாக ஒரு எஃப்-1 கார். மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டு மாருதியின் இன்ஜின்.

நம்மைப் போல இன்ஜினியரிங் படிப்பவர்கள் ரசிக்க வேண்டிய இடம் இது. மாருதி 800-இன் சக்தி 40 குதிரைத்திறனுக்கும் கொஞ்சம் குறைவு. காரின் எடை சுமார் 650 கிலோ. இந்த இன்ஜினிலிருந்து 80 குதிரைத்திறன் கறக்க வேண்டும் என்றால் பணமும் தலைவலியும் எவ்வளவு ஆகும்? பதிலாக எடையைப் பாதியாக்கினால், இன்ஜினைத் தொடாமலே சக்திக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இரட்டிப்பாகும். பிரேக்குக்கு வேலை குறையும். டயர் அதிக நாள் உழைக்கும். ஓட்டுபவர் தரையை ஒட்டி உட்காருவதால் ஈர்ப்பு மையம் இறங்கி, வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும்.

இன்னொரு சங்கதி. மாருதியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக முன்பக்கம் இருந்து முன்சக்கரத்தை ஓட்டும். அப்படிப்பட்ட கட்டை அப்படியே தூக்கி ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தால், அதே கட்டு பின்சக்கரத்தை ஓட்டும். நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தேவையே இல்லை. குறைவான பாகம், குறைவான எடை, குறைவான செலவு. குடும்பக் கார் ரேஸ் காராக மாறுவதற்கு மாருதி தற்செயலாக ரொம்பப் பொருத்தமாக அமைந்தது. அதைப் பார்க்கிற கண் வேணும் இல்லையா, அது கரிவரதனிடம் இருந்தது.

ஒரே மாதிரி காரின் நியாயம்

இப்போது அந்தப் பழைய கேள்விக்குத் திரும்பி வருவோம். ஜெயித்தது டிரைவரா, வண்டியா, பணமா?

ஃபார்முலா மாருதி கிளாஸில் எல்லாருக்கும் ஒரே வகைக் கார், ஒரே வகை இன்ஜின். இவன் பின்தங்கினால் கார் மேல் பழி போட முடியாது. அவன் முந்தினால் அப்பாவின் பணம் என்று சொல்ல முடியாது. ஒரு வளைவில் யார் எங்கே பிரேக் பிடித்தார்கள், எந்தக் கோட்டில் திரும்பினார்கள், எப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்கள், இதுதான் வித்தியாசம். குறைந்த சக்தி உள்ள காரில் இது இன்னும் கண்டிப்பு. 400 குதிரைத்திறன் இருந்தால் வளைவில் விட்டதை நேர்ப்பாதையில் பிடித்துவிடலாம். 40 குதிரைத்திறன் காரில் ஒரு வளைவில் தேவையில்லாமல் வேகத்தை இழந்தால், அந்த நேர்ப்பாதை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். அதனால்தான் சின்னக் காரில் பழகியவன் சுத்தமாக ஓட்டக் கற்றுக்கொள்கிறான்.

அந்தக் கார்களைக் கட்டும் வேலையோடு ஆட்களைக் கட்டும் வேலையும் நடந்தது. ரேஸ் என்றால் ஓட்டுபவர் மட்டும் இல்லை. வெல்டர், ஃபிட்டர், இன்ஜின் டியூன் செய்பவர், டயர் பிரஷர் பார்ப்பவர், நேரம் குறிப்பவர். கோவையில் இவர்கள் எல்லாம் ஒரு கூட்டமாக உருவானார்கள். அந்த ஊரிலிருந்து ஜே. ஆனந்த், பி. விஜயகுமார் போன்ற ஓட்டுநர்கள் வந்தார்கள். ஓட்டுவதை விட்ட பிறகும் இளைஞர்களைத் தயார் செய்வது, கார் கட்டுவது என்று அதே உலகத்தில் இருந்தார்கள். இன்றைக்கும் இந்திய ரேஸில் கோவைக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தால், விதை எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று தெரியும்.

ஒன்றை மறைக்க வேண்டாம். ஃபார்முலா மாருதி வந்ததால் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை ரேஸ் ஓட்டிவிட்டான் என்று சொன்னால் அது கதை. டயர், பெட்ரோல், பயணம், ரிப்பேர் எல்லாம் காசுதான். ஆனால் அரண்மனை வாசலில் இருந்த கதவை, சொந்தத் தொழில் செய்கிற ஒரு நடுத்தரக் குடும்பமும் ஒரு ஸ்பான்ஸரும் சேர்ந்து தட்டினால் திறக்கும் அளவுக்கு அவர் நகர்த்தி வைத்தார். நாட்டின் ரேஸ் சரித்திரத்தில் அது சின்ன நகர்வு இல்லை.

இருங்காட்டுக்கோட்டை

இதே காலத்தில் டிராக்கும் மாறிக்கொண்டிருந்தது. சோழவரம் இரவல் இடம். ரேஸ் முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். கார்களின் வேகம் கூடக் கூட, கூட்டத்துக்கும் காருக்கும் நடுவில் போதுமான இடைவெளி இல்லாதது பெரிய கவலையாகிக்கொண்டே போனது. நிரந்தரமான, ரேஸுக்காகவே திட்டமிட்ட ஒரு டிராக் தேவைப்பட்டது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி டிராக் போட்டது. 1990-இல் அது திறக்கப்பட்டது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 12 வளைவுகள். ரேஸுக்காக என்றே கட்டப்பட்ட இந்தியாவின் முதல் நிரந்தரத் தடம். அப்போது அந்தப் பகுதியில் ஹூண்டாய் தொழிற்சாலை கிடையாது. அதில் கார் உற்பத்தி தொடங்கியதே 1998-இல்தான். பெரிய கார் கம்பெனி வருவதற்கு முன்னாலேயே அங்கே ரேஸ் கார் வந்துவிட்டது.

சோழவரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓடுபாதையில் இருக்கிற நேர்க்கோட்டுக்குத் தகுந்தபடி ஓட்ட வேண்டும். இங்கே வளைவுகளை யோசித்து வைத்திருக்கிறார்கள். வேகமான வளைவு, மெதுவான வளைவு, ஒன்றின் முடிவு இன்னொன்றின் தொடக்கமாக அமையும் வளைவு. வளைவுக்கு வெளியே கார் தப்பினால் ஓடி நிற்க வெற்றிடம். சுற்றிலும் தடுப்பு. ஓட்டுபவருக்கு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி.

பள்ளிக்கூடம் கட்டியாச்சு. மாணவர்கள் வேண்டுமே? புது டிராக் திறந்த அந்தச் சமயத்தில் வரிசையாக வந்து நிற்க ஒரு சின்ன, ஒரே மாதிரியான, இந்தியாவிலேயே கட்டின கார் தயாராக இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ஒரு காலி மைதானமாகக் கிடக்காமல் போனதற்கு ஃபார்முலா மாருதி ஒரு முக்கியமான காரணம். கிளப் தடத்தைக் கொடுத்தது, கரிவரதன் அதில் ஓட வண்டியைக் கொடுத்தார். இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்தாலும் அடுத்து வரும் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

கோவைப் பையன் எஃப்-1 போனான்

அந்தப் பெயர் நரேன் கார்த்திகேயன். 1977-இல் பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்தியாவில் பெயர் பெற்ற ராலி ஓட்டுநர். நரேன் ஓட்டிய முதல் ரேஸ் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில், ஃபார்முலா மாருதி காரில். முதல் ரேஸிலேயே மேடை ஏறிவிட்டார். பிறகு பிரான்சில் பயிற்சி, திரும்பி வந்து மறுபடியும் ஃபார்முலா மாருதி, அப்புறம் பிரிட்டன். 1996-இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 2005-இல் ஆஸ்திரேலியாவில் ஜோர்டன் அணிக்காக எஃப்-1 பந்தயத்தில் இறங்கினார். எஃப்-1 ஓட்டிய முதல் இந்தியர். 2011 அக்டோபரில் நொய்டாவுக்குப் பக்கத்தில் இந்தியாவின் முதல் எஃப்-1 பந்தயம் நடந்தபோது, அந்த வரிசையில் நின்ற ஒரே இந்திய ஓட்டுநரும் அவர்தான்.

அவருக்கு அடுத்து எஃப்-1 போன கருண் சாந்தோக் சென்னைக்காரர். தாத்தா இந்து சாந்தோக் சென்னை கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவர். கருணும் ஒற்றை இருக்கைக் காரில் ஆரம்பித்தது ஃபார்முலா மாருதியில்தான். 2010-இல் எஃப்-1.

இதுவரைக்கும் எஃப்-1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் முதல் படி, குடும்பம் ஸ்கூலுக்குப் போகப் பயன்படுத்தும் மாருதி 800-இன் இன்ஜின்.

1995 ஆகஸ்ட்

நரேன் ஃபார்முலா ஏசியா ஜெயித்ததைக் கரிவரதன் பார்க்கவில்லை.

கார் மாதிரியே விமானத்திலும் அவருக்குப் பித்து. இலகுரக விமானங்களில் ஈடுபாடு காட்டினார், ஓட்டவும் செய்தார். 1995 ஆகஸ்ட் 24 அன்று கோவையில் விமானம் விபத்துக்குள்ளாகி இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அடுத்த மாதம் வந்திருந்தால் நாற்பத்தொன்று.

வாழ்நாள் முழுக்க வேகத்தோடு பழகியவர், ரேஸ் டிராக்கில் ஒன்றும் ஆகாமல், வானத்திலிருந்து விழுந்து போனார். அந்த வயசில் பொதுவாக ஒரு இன்ஜினியர் தன் பெரிய வேலைகளைத் தொடங்கவே செய்வார். அவருடைய கார்கள் அதற்குள் ஒரு தலைமுறையை ஓட்டுநர்களாக ஆக்கிவிட்டிருந்தன.

செட்டிபாளையத்து ஓடுபாதை

அவர் போனதோடு வேலை நின்றிருந்தால் இந்தக் கட்டுரை ஒரு அஞ்சலியாக முடிந்திருக்கும். நிற்கவில்லை. முன்னால் சொன்ன பி. விஜயகுமார் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் ஒரு ரேஸ் டிராக்கை அமைத்தார். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். 2000-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே.

அந்த இடம் அதற்கு முன்னால் என்னவாக இருந்தது தெரியுமா? இலகுரக விமானங்களுக்கான ஓடுபாதை. சோழவரத்தில் விமான ஓடுபாதையில் தொடங்கிய தமிழ்நாட்டு ரேஸ், கோவையில் இன்னொரு விமான ஓடுபாதைக்கு வந்து, விமானத்தில் இறந்த ஒரு ரேஸ்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் செயற்கை என்போம். நிஜத்தில் நடந்திருக்கிறது.

கரிவரதன் காட்டிய சூத்திரமும் தொடர்ந்தது. கோவையின் எல்.ஜி.பி நிறுவனம் பெயரில் ஓடும் ஃபார்முலா கார்களும் அதே வழியில் வந்தவை: இங்கே கட்டிய சேஸி, மாருதி கார் இன்ஜின், எல்லாருக்கும் ஒரே விதி. தேசிய சாம்பியன்ஷிப் பந்தயங்கள் இன்றைக்கும் செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும்தான் பெரும்பாலும் நடக்கின்றன. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு நகர ரோட்டையே டிராக்காக மாற்றி எஃப்-4 கார்களை ராத்திரியில் ஓடவிட்டபோது, அரசாங்கச் செலவு, போக்குவரத்து, சத்தம் என்று நிறைய விவாதம் நடந்தது. விவாதம் நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு யோசனை சென்னைக்கு வந்ததற்குப் பின்னால் சோழவரத்திலிருந்து தொடங்கும் எழுபது வருஷப் பழக்கம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

இரண்டு விஷயம்.

ஒன்று, வேகத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ராத்திரி பைக் ரேஸ் விடுகிறவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். நம் வயசுதான், சிலர் நம் வகுப்பே கூட. எதிரே பால் வண்டி வரும், லைட் இல்லாத லாரி நிற்கும் என்ற கணக்கே இல்லாத அந்த ஓட்டத்தில் திறமை எங்கே தெரிகிறது? போன தலைமுறை ஒரு ஓடுபாதையைத் தேடிப் பிடித்தது, பிறகு நிலம் வாங்கி வளைவு போட்டது, தடுப்புக் கட்டியது. அப்படிக் கட்டியும் டிராக்கில் உயிர் போன விபத்துகள் நடந்திருக்கின்றன. அத்தனை பாதுகாப்போடு ஆடினாலே ஆபத்தான ஆட்டம் இது. பொது ரோட்டில் அது ஆட்டமே இல்லை.

இரண்டாவது, நம் படிப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே ஒரு ஃபார்முலா காரை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி. ஓட்டத்துக்கு மட்டும் மார்க் இல்லை. ஏன் இந்தக் குழாயை எடுத்தாய், செலவுக் கணக்கு எங்கே, இதை எப்படி விற்பாய் என்று நடுவர்கள் குடைவார்கள். நாடு முழுக்க இருந்து காலேஜ் டீம்கள் தங்கள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும் இடம் எது? கரி மோட்டார் ஸ்பீட்வே.

கிடைக்கிற இன்ஜின், கைக்கு எட்டும் காசு, பக்கத்துப் பட்டறையில் முடியும் வேலை, அதற்குள் ஒரு ரேஸ் கார். ஒவ்வொரு மாணவர் டீமுக்கும் இருக்கிற கட்டாயம் அதுதான். கரிவரதனுக்கு முன்னால் இருந்ததும் அதேதான். அவருக்குக் கோவையின் லேத்துகள் இருந்தன. காக்களூர் தொழிற்பேட்டைக்குள் ஒரு நடை போய்ப் பாருங்க: லேத் இருக்கிறது, பைப் வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கிறது, பவுடர் கோட்டிங் இருக்கிறது. வாசலில் நின்று, ஒரு வரைபடத்தைக் காட்டி, அண்ணா இதை இத்தனை மில்லிமீட்டரில் பண்ணித் தர முடியுமா என்று கேட்டால், பாதிப் பேர் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

நம் காலேஜில் டீம் ஆரம்பிக்க நினைப்பவர்கள் மூன்றாம் வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சேஸி கணக்கை இந்த செமஸ்டரிலேயே தொடங்கலாம்.